சீசரின் நண்பர்கள்

ஞாயிறுதோறும் திருப்பலியில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, அன்னை மரியாளின் பெயருக்கு அடுத்தபடியாக ஓர் உரோமை அதிகாரியின் பெயரையும் நாம் சொல்லுகிறோம். போஞ்சு பிலாத்து. அப்போஸ்தலர் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை; புனித சூசையப்பரின் பெயர்கூட இல்லை. யூதேயா என்ற சிறு மாகாணத்தைப் பத்தாண்டுகள் ஆண்ட ஒருவனின் பெயர் உலகெங்கும் வாரந்தோறும் ஒலிக்கிறது.

நம் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: "சாமி, இயேசு குற்றமில்லாதவர்னு பிலாத்துக்குத் தெரியும்தானே? அங்க அவன்தானே பெரியவன்? பின்னே யாருக்குச் சாமி பயந்தான்?" அன்று நாம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டோம். கேள்வி மட்டும் நம்மை விடவில்லை. பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் வந்து நின்றபோது அதுவே முதலில் நினைவுக்கு வந்தது. பங்கின் வரலாற்றை நம்மைவிட நன்கறிந்த பெரியவர்கள் இம்மலரின் மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நாம் சற்றுத் தொலைவாக, உரோமாபுரி வரை போய் வர அனுமதி கேட்கிறோம்.

அங்கே நமக்கு வழிகாட்டி டாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர். அவர் நம்மவர் அல்லர். கி.பி. 64-இல் நேரோவின் காலத்தில் உரோமை எரிந்ததைச் சொல்லுமிடத்தில் கிறிஸ்தவர்களைக் கடுமையாகவே பழிக்கிறார். நம் வேதம் அவருக்கு வெறும் மூடநம்பிக்கை, அதுவும் கேடு விளைவிக்கும் மூடநம்பிக்கை. ஆனால் அதே இடத்தில்தான், கிறிஸ்து என்பவர் திபேரியுஸ் ஆட்சியில் போஞ்சு பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்ற செய்தியையும் தருகிறார். நம்மைப் பிடிக்காதவர் எழுதிவைத்த சாட்சி என்பதால் அதற்கு மதிப்பு அதிகம் என்று குருமடத்தில் படித்திருக்கிறோம்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. நம்மை வெறுத்த இந்த மனிதரின் நூலைக் காப்பாற்றித் தந்தவர்கள் நம் துறவியரே. திபேரியுஸ் ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய பகுதிகள் உலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் தப்பின. அது 9-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மடமொன்றில் எழுதப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோர்வை மடத்திலிருந்து அது களவுபோய், கைமாறி, பாப்பரசர் பத்தாம் சிங்கராயரிடம் வந்து சேர்ந்து 1515-இல் அச்சேறிற்று. பிரதியை இழந்த மடத்தாருக்குப் பாப்பரசர் அச்சிட்ட நூலை நேர்த்தியாகக் கட்டுவித்து, பரிபூரண பலன் ஒன்றையும் கூடச் சேர்த்து அனுப்பினார். மூலப் பிரதியை மட்டும் திருப்பித் தரவில்லை! அது இன்றும் புளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது.

இனிக் கதைக்கு வருவோம். கி.பி. 14 ஆகஸ்டு 19-ஆம் நாள் அகுஸ்து சீசர் இறந்தார். குடியரசைத் தாம் மீட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே எல்லா அதிகாரத்தையும் தம் கையில் வைத்துக்கொண்டவர் அவர். செனட் சபை கூடும்; கொன்சுல்கள் ஆண்டுதோறும் பதவியேற்பார்கள்; பழைய சடங்குகள் ஒன்றும் குறையாது. முடிவு மட்டும் ஒருவருடையது. இப்படி ஓர் ஏற்பாட்டில் எல்லாருமே நடிக்க வேண்டியிருக்கிறது. ஆளுகிறவர் ஆளாதவர்போல நடிக்கவேண்டும். பணிகிறவர் தம் விருப்பத்தின்படி பணிவதுபோல நடிக்கவேண்டும். அடுத்து வந்த திபேரியுஸ் 54 வயதில் பதவிக்கு வந்தவர், போர்க்களங்களில் பெயரெடுத்த சேனாபதி, சிக்கனக்காரர், கலகலப்பாகப் பேசத் தெரியாதவர். முழுப் பாரத்தையும் தம்மால் சுமக்க இயலாது, ஏதாவது ஒரு பகுதியைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று சபையில் சொன்னார். அசீனியுஸ் கால்லுஸ் என்ற உறுப்பினர் எழுந்து, எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்டுவிட்டார். திபேரியுஸின் முகம் மாறிற்று. கால்லுஸ் அதைக் கவனித்து உடனே பேச்சை மாற்றிப் புகழ ஆரம்பித்தார், பயனில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 30-இல், அவர் காவலில் வைக்கப்பட்டு, 33-இல் பட்டினியால் செத்தார்.

அதே கூட்டத்தில் ஹத்தேரியுஸ் என்பவரும் வாய்விட்டு மாட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க அரண்மனைக்குப் போய், நடந்துகொண்டிருந்த திபேரியுஸின் காலில் விழுந்தார். விழுந்த வேகத்தில் திபேரியுஸ் இடறிக் கீழே விழ, காவலர்கள் ஹத்தேரியுஸை வெட்டிப்போடவே வந்துவிட்டார்கள்! மெஸ்ஸாலா என்பவர் வேறு வழி கண்டார். சீசருக்கு ஆண்டுதோறும் விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டுமென்றார். இப்படிச் சொல்லும்படி நானா உமக்குச் சொல்லிவைத்தேன் என்று திபேரியுஸ் கேட்டார். இல்லை, நானாகவே சொல்லுகிறேன், பொது விஷயத்தில் எவருக்கு மனவருத்தம் வந்தாலும் என் சொந்தப் புத்திப்படிதான் பேசுவேன் என்றார் மெஸ்ஸாலா. இச்சகத்தில் இனிக் கண்டுபிடிக்க மீதியிருந்த ஒரே வகை இதுதான் என்று எழுதுகிறார் டாசிட்டஸ். துணிச்சல்காரன்போல வேஷம் போட்டு இச்சகம் பேசுவது!

இச்சகத்தைத் திபேரியுஸ் விரும்பினாரா என்றால், இல்லை. சூலை, ஆகஸ்டு மாதங்களைப்போல நவம்பருக்குத் தம் பெயரை வைக்கலாமென்று சபையார் கேட்டபோது, பதின்மூன்று சீசர்கள் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மறுத்தார். இஸ்பானிய மாகாணத்தார் தமக்குக் கோவில் கட்ட அனுமதி கேட்டபோது, தாம் மனிதரே என்று சொல்லித் தடுத்தார். செனட் சபையைவிட்டு வெளியே வரும்போதெல்லாம், அடிமைத்தனத்துக்கு இவ்வளவு தயாரான மனிதர்களா என்று கிரேக்க மொழியில் முணுமுணுத்துக்கொண்டு போவாராம். ஆனாலும் எவனாவது நிமிர்ந்து பேசினால் அதுவும் அவருக்குப் பொறுக்காது. சுதந்திரத்துக்கு அஞ்சினார், முகஸ்துதியை வெறுத்தார். ஆகவே சபையில் பேசுவதற்கு ஒற்றையடிப் பாதைதான் இருந்தது, அதுவும் வழுக்குகிற பாதை என்பது டாசிட்டஸின் கணிப்பு.

இதை எழுதும்போது நமக்குக் கொஞ்சம் கூசுகிறது. குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், வேறொரு பங்கில், சமூகக்கூடம் ஒன்று கட்ட இடம் பார்த்தோம். பங்குப் பேரவையில் எல்லாரும் "சாமி சொன்னா சரிதான்" என்றார்கள். வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவர் மட்டும் எழுந்து, "சாமி, ஐப்பசி கார்த்திகையில அந்த இடத்தில முழங்கால் தண்ணி நிக்குமே" என்றார். நாம் அவரைத் திட்டவில்லை. சிரித்தோம். அவ்வளவுதான், மற்றவர்களும் சிரித்தார்கள், அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூட்டங்களுக்கு வந்தார், பேசவில்லை. கூடம் கட்டி முடிந்த முதல் மழைக்காலத்தில் பெஞ்சுகளை மாதா கோவில் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தண்ணீர் வருமென்று பேரவையில் இருந்த பாதிப் பேருக்கு முன்பே தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள்மேல் கோபம் வந்தது. நம் சிரிப்பு நினைவுக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின.

உரோமையில் நஷ்டம் பெஞ்சுகளோடு நிற்கவில்லை. உரோமை மக்களின் மாட்சிமைக்கு இழுக்குத் தேடுவோரைத் தண்டிக்கப் பழைய சட்டம் ஒன்று இருந்தது. படையைக் காட்டிக்கொடுத்தவன், கலகம் மூட்டியவன் இவர்களுக்கென்று ஏற்பட்ட சட்டம். மாட்சிமை சீசரின் மாட்சிமையானபோது, ஒரு சொல், ஒரு சிலை, ஒரு சிரிப்புக்கூட குற்றமாகலாம் என்றாயிற்று. 15-ஆம் ஆண்டு கிரானியுஸ் மார்செல்லுஸ் என்ற ஆளுநர்மீது வழக்கு: தன் சிலையைச் சீசர்களின் சிலைகளைவிட உயரமாக வைத்தான், அகுஸ்துவின் சிலையில் தலையை எடுத்துவிட்டுத் திபேரியுஸின் தலையைப் பொருத்தினான் என்று. திபேரியுஸ் கொதித்தெழுந்து, இவ்வழக்கில் நானே வெளிப்படையாக வாக்களிப்பேன் என்றார். அப்போது பீசோ என்ற உறுப்பினர் மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டார்: சீசர் எந்த வரிசையில் வாக்களிப்பார்? முதலில் என்றால் நான் பின்பற்றிவிடுவேன். கடைசியில் என்றால், தெரியாமல் மாறாக வாக்களித்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. திபேரியுஸுக்கு உறைத்தது. மாட்சிமைக் குற்றத்திலிருந்து அந்த மனிதன் விடுதலையானான். இது தொடக்கக் காலம். அப்போது அரண்மனையில் இன்னும் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

பிறகு அதுவும் போயிற்று. அரசாங்க வக்கீல் என்று ஒருவர் உரோமையில் கிடையாது. யார் வேண்டுமானாலும் யார்மேலும் வழக்குத் தொடரலாம். குற்றம் நிரூபணமானால், குற்றவாளியின் சொத்தில் நான்கில் ஒரு பங்கு வழக்குத் தொடர்ந்தவனுக்கு. இந்த ஒரு விதி போதாதா? விருந்தில் கேட்டதை, நண்பன் குடிமயக்கத்தில் சொன்னதை விற்றுப் பிழைக்கும் கூட்டமொன்று உண்டாயிற்று. 25-ஆம் ஆண்டு கிரெமூசியுஸ் கோர்துஸ் என்ற வரலாற்றாசிரியரைச் சபையில் நிறுத்தினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் மாண்டுபோன புரூட்டஸையும் காசியுஸையும் தம் நூலில் பாராட்டி எழுதினார் என்பது குற்றம். அவர் வாதாடிவிட்டு வீட்டுக்குப் போய், உண்ணாமல் கிடந்து உயிர்விட்டார். நூலை எரிக்கச் சபை ஆணையிட்டது. அவர் மகள் மார்சியா பிரதிகளை ஒளித்து வைத்திருந்தாள். அடுத்த அரசன் காலத்தில் நூல் மறுபடியும் வெளிவந்தது. இன்றைய அதிகாரத்தைக்கொண்டு நாளைய நினைவை அழித்துவிடலாமென்று எண்ணுகிறவர்களின் மடமையைக் கண்டு டாசிட்டஸ் சிரிக்கிறார். அவர் நூல் முழுவதிலும் இப்படி வாய்விட்டுச் சிரிக்கும் இடங்கள் மிகக் குறைவு.

கோர்துஸைக் குற்றஞ்சாட்டியவர்கள் செயானுஸ் என்பவனின் ஆட்கள். இவனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். செனட் குடும்பத்தவன் அல்லன்; சீசரின் காவற்படைத் தலைவன். நகரெங்கும் சிதறிக்கிடந்த காவற்படையை ஒரே பாளையத்தில் கொண்டுவந்து சேர்த்தான். 26-ஆம் ஆண்டு ஒரு குகையில் விருந்து நடக்கும்போது பாறைகள் சரிய, திபேரியுஸின்மேல் கவிந்து நின்று அவரைக் காத்தான். அதன்பின் அவன் சொல் ஒன்றுக்கும் மறுப்பில்லை. திபேரியுஸ் உரோமையைவிட்டுக் காப்ரித் தீவில் போய்த் தங்கிவிட, அரசரைக் காணவேண்டியவர்கள் எல்லாரும் செயானுஸின் வாசலில் காத்துக்கிடந்தார்கள். அவனுக்கும் சிலைகள் எழுந்தன. அவன் பிறந்தநாள் விழாவாயிற்று. 31-இல் திபேரியுஸோடு சேர்ந்து அவனும் கொன்சுல்.

அதே ஆண்டு அக்டோபர் 18. காப்ரியிலிருந்து சீசரின் கடிதம் வந்தது. உனக்கு இன்னும் பெரிய அதிகாரம் வருகிறது என்று காதில் சொல்லி அவனைச் சபைக்குள் அனுப்பினார்கள். சபையார் ஆரவாரம் செய்தார்கள். கடிதம் நீளமாக இருந்தது, நடுநடுவே செயானுஸைப் பற்றிச் சிறு குறைகள், பிறகு வேறு விஷயம், மறுபடியும் குறை. அருகில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து விலகத் தொடங்கினார்கள். கடைசியில் கொன்சுல் அவனைப் பெயர் சொல்லி முன்னே வரச் சொன்னார். அவன் அசையவில்லை. கர்வத்தினால் அல்ல, கட்டளையிட்டுத்தான் அவனுக்குப் பழக்கம், கட்டளை கேட்டு வழக்கம் விட்டுப்போயிற்று என்று தியோ என்ற ஆசிரியர் எழுதுகிறார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, என்னையா கூப்பிடுகிறீர் என்று கேட்டானாம். அன்றே அவனைக் கொன்றார்கள். பிணத்தை மூன்று நாள் ஜனங்கள் அவமதித்துப் பின் ஆற்றில் எறிந்தார்கள். வெண்கலச் சிலைகளை உருக்கிச் சட்டியும் பானையும் செய்தார்கள் என்று யுவெனால் என்ற கவிஞர் எள்ளுகிறார். காலையில் ஆரவாரித்த அதே சபைதான் மாலையில் தீர்ப்பெழுதிற்று.

செயானுஸுக்காக நாம் அழ வேண்டியதில்லை. ஆனால் ஜனங்களின் கோபம் ஆறத் தொடங்கிய பிறகும், மீதியிருந்த பிள்ளைகளையும் ஒழித்துவிடுவதென்று முடிவாயிற்று. மகன் வரப்போவதைப் புரிந்துகொள்ளும் வயதினன். மகள் சிறுமி. நான் என்ன தப்புச் செய்தேன், எங்கே இழுத்துக்கொண்டு போகிறீர்கள், இனிமேல் செய்யமாட்டேன், பிள்ளைகளை அடிக்கிறதுபோல என்னையும் இரண்டு அடி அடித்தால் போதுமே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனாள் என்கிறார் டாசிட்டஸ். இரு பிள்ளைகளையும் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இந்தப் பகுதியை அவர் சில வரிகளில் முடித்துவிடுகிறார், யாரையும் திட்டவில்லை.

அடுத்த ஆண்டு, செயானுஸின் நண்பர்கள் என்று பலரைப் பிடித்தார்கள். எல்லாரும் எனக்கு அவனைத் தெரியவே தெரியாது என்றார்கள். மார்க்குஸ் தெரென்சியுஸ் ஒருவன் மட்டும், ஆம், நான் அவனுடைய நண்பன்தான், அந்த நட்பைத் தேடித்தான் போனேன் என்று சபையில் ஒப்புக்கொண்டான். சீசரே, நீர் உயர்த்திய மனிதனை நாங்கள் வணங்கினோம். நீர் யாரை ஏன் உயர்த்துகிறீர் என்று விசாரிப்பது எங்கள் வேலையா என்று கேட்டான். எல்லாரும் மனத்துக்குள் நினைத்ததைச் சொல்ல ஒருவன் கிடைத்தான்! அவனை விடுதலை செய்து, குற்றஞ்சாட்டியவர்களைத் தண்டித்தார்கள். ஆனாலும் 33-இல், செயானுஸின் கூட்டாளிகள் என்று சிறையில் கிடந்த எல்லாரையும் கொல்லத் திபேரியுஸ் உத்தரவிட்டார். பிணங்களின் அருகே உறவினர் நின்று அழவும் கூடாது. யார் முகம் வாடுகிறது என்று பார்க்க ஒற்றர்கள் நின்றார்கள்.

இப்போது எருசலேமுக்குப் போகலாம். பிலாத்து பதவிக்கு வந்தது 26-இல், செயானுஸ் ஓங்கியிருந்த காலம். அவனும் தன் அளவில் ஓர் இச்சகக்காரனே. திபேரியுஸின் பெயர் பொறித்த பொன்முலாம் பூசிய கேடயங்களை எருசலேமில் ஏரோதின் மாளிகையில் தொங்கவிட்டான். யூதர்கள் சீசருக்கே எழுதினார்கள். பாராட்டு வருமென்றிருந்தவனுக்குக் கண்டனம் வந்தது: கேடயங்களை உடனே செசாரேயாவுக்கு எடுத்துக்கொண்டு போ! அலெக்சாந்திரியா பிலோ என்ற யூத அறிஞர் இதைக் குறித்துவைத்திருக்கிறார். ஆக, தன்மேல் புகார் போனால் சீசர் காதில் விழும் என்பது அவனுக்குத் தெரியும்.

நம் ஆண்டவர் பாடுபட்ட ஆண்டு 30 என்று சில அறிஞர்களும் 33 என்று சிலரும் கணக்கிடுகிறார்கள். எதுவானாலும் மாட்சிமைச் சட்டம் இருந்தது, காட்டிக்கொடுப்பவர்கள் இருந்தார்கள். 33 என்றால், 'நண்பர்கள்' கொத்துக்கொத்தாகச் செத்த காலம் அது. இந்தப் பின்னணியில் அருளப்பர் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பிலாத்து விடுவிக்க வழிதேடுகிறான். இவனை விட்டால் நீர் சீசரின் நண்பர் அல்லர் என்று கூட்டம் கத்துகிறது. இந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவன் இயேசுவை வெளியே கொண்டுவந்து நியாயாசனத்தில் அமருகிறான். அந்தச் சிறுவன் கேட்டது சரிதான், எருசலேமில் அவன்தான் பெரியவன். காப்ரித் தீவில் ஒருவர் இருந்தார். அவருக்கு இவன் அஞ்சினான். அவரோ தம் சொந்தச் சபையையும் காவற்படையையும் அஞ்சி, கடலுக்கு நடுவே ஒரு மலையுச்சியில் ஒளிந்திருந்தார். உலகத்தின் தலைவன்முதல் யூதேயாவின் ஆளுநன்வரை, அந்த வரிசையில் பயமில்லாமல் நின்றவர் அன்று கைகள் கட்டப்பட்டு நின்ற ஒருவரே.

பிலாத்து தண்ணீர் வாங்கிக் கைகழுவினான். 36-இல் சமாரியரைக் கொன்ற வழக்கில் பதவி இழந்து உரோமைக்குப் புறப்பட்டான். போய்ச் சேருமுன் திபேரியுஸ் 37 மார்ச்சில் இறந்துவிட்டார்.

டாசிட்டஸ் கைகழுவவில்லை. அவரை நாம் விரும்பிப் படிப்பதற்கு இதுவே காரணம். அவர் பதவியில் வளர்ந்தது தொமீசியான் என்ற மற்றொரு கொடிய சீசரின் கீழ். பதினைந்து ஆண்டுகள் நடந்த அந்த ஆட்சியில், நல்லவர்களைப் பாராட்டி எழுதிய இரண்டு பேர் கொல்லப்பட்டு அவர்களின் நூல்கள் நகரச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. 96-இல் தொமீசியான் கொலையுண்டபின் சபையார் ஏணி கொண்டுவரச் செய்து அவன் உருவங்களைப் பிடுங்கி எறிந்து மகிழ்ந்தார்கள். பதவியில் சுகமாயிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் எதிர்ப்பாளர்கள் ஆனார்கள். டாசிட்டஸ் தம் மாமனார் அக்ரிக்கோலாவைப் பற்றி எழுதிய சிறு நூலில் அப்படிச் செய்யவில்லை. ஹெல்வீடியுஸைச் சிறைக்கு இழுத்துச் சென்றவை எங்கள் கைகள் என்று, தம்மையும் சேர்த்தே எழுதினார். பேசாதிருந்தது போலவே மறந்துவிடவும் எங்களால் முடிந்திருந்தால், குரலோடு நினைவையும் இழந்திருப்போம் என்கிறார். திபேரியுஸின் சபையாரை அவர் அத்தனை கூர்மையாகப் பார்த்ததற்குக் காரணம், தாமும் அப்படி ஒரு சபையில் உட்கார்ந்து எழுந்தவர் என்பதுதான்.

இந்த விழாவையொட்டி, கோவில் முகப்பில் பதிக்கவிருக்கும் சலவைக்கல்லுக்கான வாசகத்தை விழாக் குழுவினர் நம்மிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் நம் பெயர் ஆண்டகையின் பெயருக்கு அடுத்ததாக, பெரிய எழுத்தில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாகக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், காணிக்கை கொடுத்தவர்கள், மணியடித்தவர்கள் எல்லாரும் கீழே 'பங்கு மக்கள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்கள். "இது சரியா?" என்று கேட்டோம். "சாமி சொன்னா மாத்திடலாம்" என்றார்கள்.

1961-இல் செசாரேயாவின் பழைய நாடக அரங்கத்தை இத்தாலிய ஆய்வாளர்கள் தோண்டினார்கள். அங்கே படிக்கட்டில் ஒரு கல். 82 சென்டிமீட்டர் உயரம், 65 அகலம். யூதேயாவின் ஆளுநன் பிலாத்து, திபேரியுஸின் பெயரால் எழுப்பிய கட்டடம் ஒன்றைக் குறிக்கும் கல்வெட்டு அது. பிலாத்துவின் பெயரைத் தாங்கி அவன் காலத்திலேயே வெட்டப்பட்ட கல். 4-ஆம் நூற்றாண்டில் அரங்கத்தைப் பழுதுபார்த்த கொத்தர்கள் அதைப் பெயர்த்தெடுத்து, அளவுக்குச் செதுக்கி, ஒரு படியாகப் பதித்துவிட்டார்கள். செதுக்கியதில் இடப்பக்கத்து எழுத்துக்கள் போயின. பிலாத்து என்ற பெயர் மிஞ்சிற்று.